புது பேட்டரியைப் பழக்க வேண்டுமா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன மாதம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கையில் மகன் துபாயிலிருந்து அனுப்பிய புது போன். பெட்டியைப் பிரித்ததும் ஆன் செய்யாமலே ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டிருக்கிறார். மறுநாள் சுத்தமாக இறக்கி, மறுபடி முழுதாக ஏற்றியிருக்கிறார். இப்படி மூன்று தடவை. "நல்லாப் பழக்கிட்டேன் தம்பி, ஆனாலும் சாயந்தரத்துக்குள்ள இறங்கிருதே, பேட்டரி டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றார். திறந்து பார்த்தால், பழைய போனில் இருந்த பதினோராயிரம் போட்டோக்களையும் அது பின்னணியில் இறக்கிக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் வைஃபையில் விட்டதும் தானாகச் சரியாகிவிட்டது.

பாளையங்கோட்டையில் போன் சர்வீஸ் கடை வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. வாரத்துக்கு ஐந்தாறு பேராவது இந்தப் 'பழக்கும்' கேள்வியோடு வருகிறார்கள். புது போனை முதல் தடவை எட்டு மணி நேரம் ஏற்ற வேண்டும் என்ற கணக்கு நிக்கல் பேட்டரி காலத்தது. அந்தக் கால செல்போன், கார்ட்லெஸ் போன் பேட்டரிகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது. இப்போது எல்லாம் லித்தியம். தொழிற்சாலையிலேயே முதல் சார்ஜை ஏற்றி, இறக்கி, சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் பழக்குவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

திரையில் தெரியும் சதவீதம் மட்டும் வேறு சங்கதி. அது போன் போடும் கணக்கு. பைக்கின் பெட்ரோல் முள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் தப்பாகக் காட்டினால் முள்ளைச் சரிசெய்யலாம். அதற்குப் பெயர்தான் காலிபிரேஷன். டேங்கே சுருங்கிப் போயிருந்தால் முள்ளைத் தட்டிப் பயனில்லை. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கோளாறு முள்ளிலா, டேங்கிலா?

புது போன், ஒரு கோளாறும் இல்லை. முதல் சார்ஜ் எப்படிப் போடுவது?

எப்படி வேண்டுமானாலும் போடலாம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் பாதி சார்ஜ் இருக்கும். அப்படியே ஆன் செய்து பயன்படுத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அப்டேட் எல்லாம் இறங்க வேண்டுமே என்பதற்காகச் சார்ஜில் சொருகிவிட்டுத் தொடங்குங்கள். அவ்வளவுதான்.

ஆன் ஆகவே இல்லையா? கடை அலமாரியில் நாள் கணக்கில் கிடந்த போனாக இருக்கலாம். பெட்டியில் வந்த கேபிளில் அரை மணி நேரம் விடுங்கள். அதற்கும் உயிர் வரவில்லை என்றால் எங்களைப் போன்ற கடைக்குக் கொண்டுவராதீர்கள். வாங்கிய இடத்துக்கே போய் மாற்றிக் கேளுங்கள். நாங்கள் பின்பக்கத்தைத் திறந்துவிட்டால் வாரண்டி போய்விடும்.

புது போன், முதல் வாரம் சார்ஜ் விறுவிறுவென்று இறங்குகிறது

பத்தில் எட்டுக்கு இது பேட்டரிக் கோளாறாக இருக்காது. வரிசையாகப் பாருங்கள்.

முதலில், மூன்று நாள் பொறுங்கள். போட்டோ இறங்குவது, வாட்ஸ்அப் பேக்கப் திரும்புவது, ஆப் எல்லாம் அப்டேட் ஆவது என்று புது போன் முதல் சில நாள் உள்ளுக்குள் ஓய்வில்லாமல் ஓடும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

அதற்கப்புறமும் இறங்கினால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்து எந்த ஆப் மேலே நிற்கிறது என்று பாருங்கள். திரை மேலே நின்றால் அது உங்கள் உபயோகம், கோளாறு இல்லை. நீங்கள் திறக்கவே திறக்காத ஆப் ஒன்று மேலே நின்றால் அதுதான் திருடன்.

அடுத்து சிக்னல். வீட்டுக்குள் 5ஜி ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தால் போன் டவரைத் தேடியே களைத்துவிடும். இரண்டு நாள் 4ஜியில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டாவது சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் சும்மா போட்டு வைத்திருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

கடைசியாக ராத்திரிச் சோதனை. படுக்கும்போது சதவீதத்தைக் குறித்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் இரண்டு மூன்று சதவீதம் குறைந்திருந்தால் பேட்டரியும் போர்டும் (போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை) நன்றாக இருக்கின்றன. சாப்பிடுவது நெட்வொர்க்கோ ஆப்போதான். ஏரோப்ளேன் மோடிலேயே பத்துக்கு மேல் போயிருந்தால் ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்து, எந்த ஆப்பும் ஏற்றாமல் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். மறுபடியும் பத்து போனால் போர்டில் எங்கோ கசிகிறது. வாரண்டியில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சதவீதம் தாவுகிறது: 46 இருந்தது, அடுத்த நிமிடம் 31

காலிபிரேஷன் என்ற சொல்லுக்கு அதிகம் வேலை இருக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இது மூன்று விதமாக வரும். பேட்டரி மாற்றிய முதல் வாரத்தில் வரும்: போன் இன்னும் பழைய பேட்டரியின் கொள்ளளவை நினைவில் வைத்துக் கணக்குப் போடுகிறது. மாதக்கணக்கில் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே ஏற்றி இறக்கியவர்களுக்கு வரும்: மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் போன் பார்த்தே நாளாகிவிட்டது, கணக்கு நழுவுகிறது. மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய போனிலும் வரும்: இங்கே டேங்கே சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் முதலில் ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும்; பல தடவை அதிலேயே தீர்ந்திருக்கிறது. அதில் தீராவிட்டால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

1. '80 சதவீதத்தில் நிறுத்து' மாதிரியான பாதுகாப்பு அமைப்பு எதுவும் ஆனில் இருந்தால் முதலில் அணையுங்கள். இதை மறந்துவிட்டு, 'செய்து பார்த்தேன் அண்ணே, ஒன்றும் மாறவில்லை' என்று வருபவர்கள்தான் அதிகம். முழுமையைப் பார்க்கவிடாமல் போனால் அது எப்படிக் கணக்கைத் திருத்தும்?
2. வழக்கம்போலப் பயன்படுத்தி, போன் தானாக அணையும்வரை விடுங்கள். அணைந்ததும் மறுபடி மறுபடி பவர் பட்டனை அமுக்கி மிச்சத்தைப் பிழியாதீர்கள். அது பேட்டரிக்குக் கெடுதல்.
3. இரண்டு மணி நேரம் அப்படியே வையுங்கள். சூடு ஆறட்டும்.
4. அணைந்த நிலையிலேயே, நடுவில் பிடுங்காமல், 100 வரை ஏற்றுங்கள். 100 காட்டிய பிறகும் ஒரு மணி நேரம் விடுங்கள். ராத்திரி முழுக்க வேண்டாம்.
5. ஆன் செய்து, அன்றைக்கு நடுவில் சார்ஜ் போடாமல் 20 வரை ஓட்டிப் பாருங்கள்.

எண் ஒழுங்காக ஒவ்வொன்றாக இறங்கினால் வேலை முடிந்தது. பாதுகாப்பு அமைப்பைத் திரும்ப ஆன் செய்துகொள்ளுங்கள். இதை மாதாமாதம் விரதம் மாதிரி செய்ய வேண்டியதில்லை. சுத்தமாக இறக்கி ஏற்றுவது ஒவ்வொரு தடவையும் லித்தியம் பேட்டரியின் ஆயுளில் கொஞ்சம் கிள்ளித்தான் எடுக்கிறது. எண் தாவினால் மட்டும் செய்யுங்கள். தாவாத போனுக்கு வேண்டாம்.

இரண்டு தடவை செய்தும் தாவினால் மூன்றாவது தடவை முயல்வதில் பிரயோஜனம் இல்லை. பேட்டரி மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத போன் என்றால் போட்ட கடைக்கே போய் வேறு பேட்டரி கேளுங்கள். மலிவுப் பேட்டரிகளில் அளவைக் கணக்கிடும் சின்னச் சில்லே (சிப்) சரியாக இருப்பதில்லை. பழைய போன் என்றால் அடுத்த அறிகுறிக்கு வாருங்கள்.

பிளேஸ்டோரில் கிடைக்கும் 'பேட்டரி காலிபிரேஷன்' ஆப்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் போனை ரூட் செய்து (கம்பெனி போட்ட பூட்டைத் தாண்டி உள்ளே நுழைந்து), பேட்டரிஸ்டேட்ஸ் என்ற ஒரு ஃபைலை அழிப்பதுதான் இவற்றின் மொத்த வித்தையும். அந்த ஃபைல் எந்த ஆப் எவ்வளவு சாப்பிட்டது என்று பட்டியல் காட்டுவதற்கு மட்டுமே, சதவீதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கூகுளின் ஆண்ட்ராய்டுப் பொறியாளர் டயான் ஹேக்போர்ன் எப்போதோ எழுதிவிட்டார். ஆப்கள் மட்டும் இன்னும் போன பாடில்லை. விளம்பரம் காட்டிக் காசு பார்க்கின்றன, இருக்கும் சார்ஜையும் தின்கின்றன.

15, 20 சதவீதம் இருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது

எப்போது அணைகிறது என்பதைக் கவனியுங்கள். அதில் பாதி பதில் கிடைத்துவிடும்.

குளிரில் மட்டும் அணைகிறதா? டிசம்பரில் கொடைக்கானல் போய்வந்து, 'காலையில் ஏரிக்கரையில் போட்டோ எடுக்கும்போது 25 சதவீதத்தில் செத்துவிட்டது' என்று ஒவ்வொரு வருடமும் யாராவது வருவார்கள். குளிரில் லித்தியம் பேட்டரி மந்தமாகிவிடும். சட்டைப் பைக்குள் வைத்துச் சூடேறியதும் அதே சார்ஜ் திரும்பத் தெரியும். ஊருக்கு வந்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

சும்மா வைத்திருந்தாலும் அதே 15-ல் அணைகிறதா? முள்ளின் தப்பாக இருக்கலாம். மேலே சொன்ன காலிபிரேஷனை ஒரு தடவை செய்து பாருங்கள்.

கேமரா திறந்தால், ஃபிளாஷ் போட்டால், வீடியோ காலில் பேசினால் அணைகிறதா? இது டேங்க். வயதான பேட்டரியால் திடீரென்று கேட்கும் மின்சாரத்தை இழுத்துக் கொடுக்க முடியவில்லை, வோல்டேஜ் சரிகிறது, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. சோதிப்பது எளிது. 25 சதவீதத்தில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, டார்ச்சோடு வீடியோ எடுங்கள். இரண்டு நிமிடத்தில் அணைந்து, சார்ஜரில் சொருகியதும் உடனே 18, 20 என்று காட்டினால் பேட்டரி முடிந்தது. காலிபிரேஷன் செய்தால் 20-ல் அணைவது 3-ல் அணையும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் போன் ஓடும் நேரம் ஐந்து நிமிடம்கூட நீளாது. இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை.

இந்த அணைப்பைத் தடுக்கத்தான் ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைக் கமுக்கமாகக் குறைத்தது. 2017 டிசம்பரில் அது வெளியே வந்து பெரிய ரகளையானது. உடனே பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தார்கள்; அடுத்த வருடம் பேட்டரி ஹெல்த் என்ற பக்கமும் ஐபோனுக்கு வந்தது. பேட்டரி மாற்றியதும் அதே பழைய போன் பழைய வேகத்தில் ஓடியதை என் மேசையிலேயே பார்த்தேன்.

மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் இருக்கிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் (மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று), 15 முதல் வந்தவை 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பில் பேட்டரிச் சோதனை இருக்கிறது. மற்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் நம்பும்படி ஒன்றும் இருப்பதில்லை. அவற்றுக்கு நான் செய்வது இது: ஒரு யுஎஸ்பி மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் சொருகும் சின்னப் பெட்டி.

ஒரு கணக்கு. பேட்டரி 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் மொத்தம் 19.25 வாட்-அவர். திரையை அணைத்துவிட்டு 10-லிருந்து 90 வரை ஏற்றினால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 15.4 உள்ளே போக வேண்டும். வழியில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டர் 17 பக்கம் காட்டும். 12, 13-லேயே 90 வந்துவிட்டது என்றால் சுமார் கால் பங்கு டேங்க் காணாமல் போயிருக்கிறது. வேக சார்ஜரில் இதைச் செய்யாதீர்கள். பழைய 10 வாட் சார்ஜர் போதும். எண் தாவும் போனில் முதலில் காலிபிரேட் செய்துவிட்டு அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் பொய்யான அளவுகோலை வைத்துத் துணி அளந்த கதைதான்.

கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, நாளில் இரண்டு தடவை சார்ஜ் கேட்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். புதுப் பேட்டரி போட்டும் அதே மாதிரி அணைந்தால் கோளாறு போர்டில், பவர் ஐசி (மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சில்) பக்கம். அது மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய வேலை. செலவைக் கேட்டுவிட்டு, போனின் இப்போதைய விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

80-க்கு மேல் ஏற மறுக்கிறது. அல்லது 80 வைத்தும் 100-க்குப் போய்விட்டது

பாதிப் பேருக்கு இது கோளாறே இல்லை. பேட்டரியைக் காக்கும் அமைப்பு ஆனில் இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகள் யாரோ போட்டு வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் பார்த்தால் தெரிந்துவிடும். சில போன்கள் நீங்கள் எழும் நேரத்தைப் பழகிக்கொண்டு ராத்திரி 80-ல் நின்று விடியும்போது மிச்சத்தை ஏற்றும். நடுராத்திரியில் எழுந்து பார்த்துவிட்டுப் பதற வேண்டாம்.

சூட்டாலும் நிற்கும். மே மாதம் மாடி அறையில், தலையணைக்கு அடியில் போட்டுச் சார்ஜ் ஏற்றினால் பல போன்கள் நடுவிலேயே நின்றுவிடும். கவரைக் கழற்றி, தரையில் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் தொடரும்.

அடுத்தது நேர் எதிரான புகார்: 80 என்று வைத்திருந்தும் ஒரு நாள் 100 வரை ஏறிவிட்டது. ஐபோனும் கூகுள் பிக்சலும் எப்போதாவது வேண்டுமென்றே இப்படிச் செய்யும், சதவீதக் கணக்கை நேராக்கிக்கொள்ள. நாம் கையால் செய்யும் காலிபிரேஷனை அவை தாமாகவே செய்துகொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ரீசெட் செய்ய வேண்டாம்.

சார்ஜ் ஏறவில்லை, ஆமை வேகத்தில் ஏறுகிறது, ஏறி ஏறி நிற்கிறது

பேட்டரியைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். கேபிளை மாற்றுங்கள். அப்புறம் சார்ஜரை. அப்புறம் பிளக் பாயிண்டை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

அதற்கப்புறம் சார்ஜ் பின் ஓட்டை. கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஆடிக்கொண்டிருந்தால், டார்ச் அடித்துப் பாருங்கள். ஜீன்ஸ் பையில் வைப்பவர்களின் போனில் நூலும் தூசியும் அமுங்கி அமுங்கிக் கெட்டியான அட்டை மாதிரி ஆகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாக மெல்ல வாருங்கள். ஊசி, ஹேர்பின், சேஃப்டி பின் எதுவும் கூடாது. டைப்-சி ஓட்டையின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் போர்டையே மாற்ற வேண்டி வரும். 'போன் செத்துவிட்டது' என்று வந்து, குச்சியால் வாரியதும் பிழைத்துப் போன போன்கள் எத்தனையோ. அதற்கு நான் காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன்.

ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் சில மணி நேரம் காற்றாட விடுங்கள். அரிசிப் பானைக்குள் போடாதீர்கள். அரிசித் தூசி அதே ஓட்டைக்குள்தான் போய் உட்காரும்.

இவை எல்லாம் சரி, கேபிளைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் மட்டும் ஏறுகிறது என்றால் சார்ஜிங் போர்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் இது தனிச் சின்னப் போர்டு, பேட்டரியைவிட விலை குறைவு. அதை மாற்றியும் ஏறாவிட்டால்தான் பேட்டரி, அதற்கும் மேலே சார்ஜிங் ஐசி. இந்த வரிசையைத் தாண்டி எடுத்த எடுப்பிலேயே 'ஐசி போயிருக்கு' என்று சொல்லும் கடையில் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

மேசை டிராயரில் மாதக்கணக்கில் கிடந்த போன், ஆன் ஆகவில்லை

அடி மட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் ஒரு மணி நேரம் பொறுமையாக விடுங்கள். முதல் இருபது நிமிடம் திரையில் ஒன்றுமே வராமல் இருக்கலாம். உயிர் வந்தால் ஒரு தடவை 100 வரை ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மௌனம் என்றால் கடைக்கு வாருங்கள். நாங்கள் டிசி மிஷினில் (அளந்து மின்சாரம் கொடுக்கும் கருவி) வைத்து எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து 'பூஸ்ட்' கொடுப்பதை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும்.

போனை நாள் கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். 100-ம் வேண்டாம், 0-வும் வேண்டாம்.

கை வைக்க முடியாத சூடு

சார்ஜ் ஏறும்போது வெதுவெதுப்பு இயல்பு. கேம் ஆடிக்கொண்டே வேக சார்ஜில் போட்டால் சூடு கூடும். கேமை நிறுத்தினால் குறையும். பைக் ஹேண்டிலில் மாட்டி, வெயிலில் மேப் ஓட்டிக்கொண்டே சார்ஜ் ஏற்றுவது எனக்குத் தெரிந்து பேட்டரியைக் கொல்லும் மிகச் சிறந்த வழி. உணவு டெலிவரிக்குப் போகும் தம்பிகளின் போன்கள் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரமே என்னிடம் வந்துவிடுகின்றன. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான். நெல்லையில் மே மாத மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். நிழலில் வையுங்கள், வண்டி ஓடும்போது பவர் பேங்க் வேண்டாம், நிற்கும்போது ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதுவும் ஓடாமல், சார்ஜிலும் இல்லாமல், சும்மா மேசையில் இருக்கும்போதே ஒரு இடத்தில் மட்டும் கொதிக்கிறதா? உடனே அணையுங்கள். போர்டில் ஷார்ட் இருக்கிறது. அன்றைக்கே கொண்டுபோங்கள்.

பின்பக்கம் உப்புகிறது, டிஸ்ப்ளே ஒரு ஓரம் தூக்குகிறது

இதற்குச் சோதனை, காலிபிரேஷன், அடுத்த மாதம் என்று எதுவும் கிடையாது.

தட்டையான கண்ணாடி மேசையில் போனைப் படுக்கவைத்துச் சுற்றினால் பம்பரம் மாதிரி சுற்றும், அல்லது டிஸ்ப்ளே ஓரத்தில் ஒரு இடைவெளி வழியாக வெளிச்சம் கசியும். பார்த்த நொடியில் சார்ஜரைப் பிடுங்கி, போனை அணைத்துவிடுங்கள். அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள். உப்பலுக்குள் இருப்பது வாயு. ஊசியால் குத்தி இறக்கினால் தீப்பற்றும். 2016-ல் சாம்சங் நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திரும்ப வாங்கி, அந்த மாடலையே கைவிட்டார்கள், பேட்டரிக் கோளாறால். பெரிய கம்பெனியே அந்த அளவுக்குப் பயந்த சரக்கு இது. கடைக்கு எடுத்து வரும்வரை மெத்தை, சோபா, துணி அலமாரி பக்கம் வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கிப் பற்றிக்கொள்ளும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி உற்பத்தியாளர்களுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி மாற்றப் போகும்போது

புதுப் பேட்டரிக்கு என்று தனியாக ஒரு சடங்கும் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். போட்டதும் பயன்படுத்துங்கள்; எண் தாவினால் மட்டும் மேலே உள்ள ஐந்து படிகள். அதைவிட முக்கியம், போடுவது எந்தப் பேட்டரி என்பது.

லேபிளைப் படியுங்கள். வோல்ட்டையும் எம்ஏஎச்சையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அதில் அச்சிட்டிருக்கும் வாட்-அவர் வர வேண்டும். போலிகள் இந்த எளிய பெருக்கலிலேயே மாட்டிக்கொள்ளும். பழைய பேட்டரி 4000, அதே அளவுப் புதுசு 6000 என்று எழுதியிருந்தால் எழுதியவர் கூசாமல் எழுதியிருக்கிறார். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் அதனோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபோனில் வெளிக் கடையில் மாற்றினால், புது மாடல்களில் பேட்டரியை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு செய்தி வரும். அதுவே கோளாறு இல்லை. அந்தச் செய்தி வராமல், ஹெல்த் 100 என்றும் காட்டினால்தான் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். பழைய பேட்டரியின் சில்லைக் கழற்றிப் புது பேட்டரி செல்லில் ஒட்டி, மிஷினில் வைத்து எண்ணை 100 ஆக்கித் தருவது எங்கள் தொழிலில் ஊரறிந்த வேலை. திரையில் 100 இருக்கும், உள்ளே எந்த செல் என்பது போட்டவருக்கு மட்டும் தெரியும். நானும் செய்து கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கியவர்களுக்கு, சொல்லிவிட்டுத்தான்.

கழற்றிய பேட்டரியை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். புதியதைப் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பில்லில் பேட்டரி என்று எழுதி, எத்தனை மாத உத்தரவாதம் என்று கையெழுத்தோடு வாங்குங்கள். அன்று ராத்திரி 100 வரை ஏற்றி, மறுநாள் 20 வரை ஓட்டி, எத்தனை மணி நேரம் வந்தது என்று அந்தப் பில்லின் பின்னாலேயே எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் குறை சொல்லி வந்தால் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.